இருக்கட்டும் என்று எழுதினேன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பிழை திருத்த என் மேஜைக்கு வந்தது ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் நிமிர்ந்து நட, நேராக நட என்று உயிரை வாங்குகிறார் எழுதியவர். 'நிமிர்ந்து' என்ற அந்த ஒரு சொல்லையே மூன்று விதமாக எழுதியிருக்கிறார். அத்தனையையும் நிமிர்த்தி வைத்தேன். அதற்குத்தான் சம்பளம்.

பிற்பகலில் திருத்திய அச்சுப் படிகளை எடுத்துக்கொண்டு அச்சகத்தின் மாடிக்கு ஏறும்போது இடது இடுப்புக்குள் ஏதோ சறுக்கியது. உள்ளே ஒரு இழுப்பறை தானாகத் திறந்துகொண்ட மாதிரி. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெஷின்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, படியில உட்கார்ந்து படி பாக்கிறீங்களா?" என்றார். முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டு ஓடி வந்தார். ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அதோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மானமே போயிற்று.

நாற்பத்திரண்டு வயதில் ஒரு செயற்கை மூட்டு வைத்தார்கள். ஐம்பதில் அதை எடுத்துவிட்டு இன்னொன்று. இப்போது ஐம்பத்தெட்டு. திருத்திய மூன்றாம் பதிப்புக்கு நேரம் வந்துவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

புது டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, எலும்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், "சுவரே இடிஞ்சு கிடக்கும்மா. ஆணிய எங்க அடிக்கிறது?" என்றார். அந்த நிமிஷமே அவருக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

பிறக்கும்போதே இடது இடுப்புக் குழி ஆழமில்லாமல் பிறந்தவள் நான். தொடை எலும்பு தன் இடத்தில் உட்காராமல், மேலே ஏறி வேறொரு இடம் பிடித்துக்கொண்டது. அதனால் இடது கால் மூன்று சென்டிமீட்டர் குட்டை. முதல் இரண்டு டாக்டர்களும் செயற்கை மூட்டின் கிண்ணத்தை அந்த மேல் இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். வலி போனது, நொண்டல் என்னோடு இருந்தது. இப்போது இருக்கும் கிண்ணம் கழன்று, சுற்றியிருந்த எலும்பையும் அரித்துத் தின்றுவிட்டதாம்.

"கடையில இருக்கிற அளவு எதுவும் உங்களுக்கு உட்காராது. மிச்சம் இருக்கிற எலும்பை ஸ்கேன்ல அளந்து, அதுக்குன்னே கிண்ணம் செய்யணும். டைட்டானியப் பொடிய அடுக்கடுக்கா உருக்கி அச்சடிப்பாங்க."

சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் அடுத்தவர் எழுதியதை அச்சுக்கு அனுப்பினேன். இப்போது நானே அச்சேறப் போகிறேன்.

வெளியே ஒரு பெண் விவரம் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கும் அச்சடிக்கும் கம்பெனிக்கும் நடுவில் பேசுகிறவள். குரலில் அப்படி ஒரு தேன். என் நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர், "என் நம்பரை எழுதிக்கம்மா. இவ போனை எடுக்கவே மாட்டா" என்றார். அது நிஜம்தான். வேலை நேரத்தில் போன் இழுப்பறையில்தான் கிடக்கும்.

மார்ச் 12

ஸ்கேன் முடிந்தது. கிண்ணம் வரும்வரை இடது காலை ஊன்றவே கூடாது என்று உத்தரவு. ஊன்றினால் எலும்பு மறுபடி நகரும், எடுத்த அளவு வீணாகும். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை.

உட்காரவும் உயரமான ஆசனம் வேண்டுமாம். என் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. என் பழைய மர நாற்காலியைக் கழித்துக்கட்ட இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஒரு துண்டுச் சீட்டில் 'நாற்காலி' என்று எழுதி, அதைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, நாற்காலியின் முதுகில் ஒட்டிவிட்டார். நானும் விடவில்லை. அடித்த எழுத்துக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினேன். எங்கள் அச்சகத்தில் அதுதான் குறி. ஒருவர் அடித்ததை மீட்க வேண்டுமென்றால் கீழே புள்ளி, ஓரத்தில் இருக்கட்டும். திருத்தம் வேண்டாம், முன்பு இருந்தபடியே விடு என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த விளையாட்டு. அவர் வீட்டில் எதையெல்லாமோ அடிப்பார், நான் புள்ளி வைப்பேன்.

சீட்டைப் படித்துவிட்டு, "உங்கிட்ட ஒரு சாமானையும் வெளிய தள்ள முடியாது" என்று சிரித்தார். நாற்காலி தப்பித்தது, அடியில் இரண்டு செங்கல்லோடு.

மார்ச் 19, புதன்

மேஸ்திரி என்னை ஒரு கேள்வி கேட்டார். யாரும் இதுவரை கேட்காத கேள்வி.

"புதுசா செய்யறதால எங்க வேணும்னாலும் வைக்கலாம்மா. உங்க வலது பக்கம் நல்லா இருக்கு. அதைக் கண்ணாடியில திருப்பின மாதிரி கம்ப்யூட்டர்ல திருப்பி, இடது பக்கம் எங்க இருந்திருக்கணுமோ அங்கயே கிண்ணத்தை இறக்கிடலாம். ரெண்டு காலும் சமம் ஆயிடும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இப்ப இருக்கிற மேல் இடத்துலயே வைக்கலாம். நடை பழையபடிதான் இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். காலை நீட்டினா பின்னால ஓடற நரம்பும் சேர்ந்து நீளணும். நீளலன்னா பாதம் தொங்கிப் போகலாம். எல்லாருக்கும் ஆகாது, சில பேருக்கு ஆகும்."

யோசிக்க வேண்டும் என்றேன். "யோசிங்க. படம் வரும், அதுலயே முடிவை எழுதி அனுப்புங்க" என்றார். நல்ல மனுஷன். நொண்டலைக் குறை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வண்டியில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் வாய் ஓயவில்லை. காலையில் அவரோடு நடைப்பயிற்சிக்குப் போகிற கூட்டத்தில் நானும் சேரலாமாம். ஏரிக்கரையை முழுசாகச் சுற்றலாமாம். நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 20

கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் அவர் சொன்னது ஞாபகம் வருகிறது. "உன் நடையா? எனக்கு அது கண்ணுலயே படல." அதற்காகத்தானே கட்டிக்கொண்டேன்?

மார்ச் 23, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். செய்தி அவளுக்கு எப்படிப் போனது என்று கேட்க வேண்டியதே இல்லை. வாசலிலேயே, "அண்ணி, இனிமே நேரா நடக்கப் போறீங்களாமே!" என்றாள். எனக்குச் சாய்ந்த கோபுரம் என்று பட்டப்பெயர் வைத்தவள் இவள்தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? அண்ணன் எவ்வளவு ஆசையா இருக்கார் தெரியுமா?"

மகளும் போனில் அதையேதான் பாடினாள். நம்ப முடியாத சந்தோஷம் எல்லாருக்கும். இத்தனை நாள் இவர்கள் யாருக்கும் என் நடை தெரியாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? எல்லாரும் அவரவர் மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மார்ச் 30

வேண்டாம். முடிவு செய்துவிட்டேன்.

நரம்பு மட்டும் காரணமா? உண்மையைச் சொன்னால் இல்லை. என் முதுகு, கழுத்து, தோள், எல்லாம் இந்த நடைக்குத்தான் வளைந்து வளர்ந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்களை இந்த நடையோடுதான் திருப்பி அடித்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த நடையோடுதான் பஸ்ஸுக்கு ஓடினேன். பிழை என்றால் திருத்தலாம். இது எழுத்தாளர் நடை. எழுத்தாளர் நடையில் கை வைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம்.

அவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடக்கினார். "உன் இஷ்டம்" என்றார். மறுபடி விரித்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

படம் வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் என் இடுப்பெலும்பு, உடைந்த பீங்கான் மாதிரி. நீல நிறத்தில் புதுக் கிண்ணம், எலும்பில் திருகி முடுக்க மூன்று இதழ்களோடு. பழைய இடத்தைக் காட்டும் வட்டத்தின் மேல் ஒரு குறுக்குக் கோடு. அதற்குக் கீழே புதிய இடம். பக்கத்தில் அந்தத் தேன்குரல் பெண் கையால் எழுதியிருக்கிறாள்: 'கால் நீளத் திருத்தம்: 3 செ.மீ. உங்கள் முடிவு?'

அடித்திருந்த வட்டத்தின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தேன். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை தானாக எழுதியது. அச்சுக்குப் போகும் முன் பார்க்கும் படிக்கு மெய்ப்பு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று இத்தனை வருஷம் யோசித்ததில்லை. மெய் என்றால் உடம்பும்தானே.

அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ம்" என்றார். போனில் படம் பிடித்து அனுப்பியதும் அவர்தான்.

ஏப்ரல் 4

காலையில் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரென்று கேட்டேன். "ஆஸ்பத்திரி. தேதி பத்திச் சொன்னாங்க" என்றார். என்ன தேதி என்றால் இன்னும் முடிவாகவில்லையாம்.

ஏப்ரல் 27

கக்கத்தில் தோல் உரிந்துவிட்டது. ஜன்னலில் இருந்து பார்க்கிறேன், எதிர் வீட்டுக் கிழட்டு நாய்கூட நாலு காலையும் ஊன்றி நடக்கிறது. பொறாமைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் என்னைத் தாங்குகிறார். தலை சீவிவிடுகிறார். கோணல் வகிடு எடுத்துவிட்டு 'புது ஸ்டைல்' என்கிறார். இவ்வளவு கனிவை எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. சந்தேகப்படுகிற புத்தி எனக்கு. தொழில் புத்தி. சும்மா இரு.

மே 20, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நாளை மறுநாள் அறுவை. கிண்ணத்தின் பிளாஸ்டிக் நகலையும் என் இடுப்பெலும்பின் பிளாஸ்டிக் நகலையும் மேஸ்திரி என் மடியில் வைத்தார். என் எலும்பை நானே கையில் பிடித்துப் பார்த்தேன். இவ்வளவு சின்னதா நான்?

கிண்ணத்தை எலும்பில் வைத்துக் காட்டினார். 'டக்' என்று உட்கார்ந்தது. மூன்று இதழும் மூன்று மேட்டில் கச்சிதமாகப் படிந்தன. சட்டைகூட எனக்கென்று இப்படி யாரும் அளவெடுத்துத் தைத்ததில்லை.

"எல்லாம் நீங்க எழுதிக் கொடுத்தபடிதான். சரிதானேம்மா?"

"சரி டாக்டர்."

இறுதிப் படியில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பவள் நான். ஆனால் அது எனக்குப் படிக்கத் தெரியாத மொழி. கிண்ணம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, எதை வைத்துச் சொல்வது?

மே 25, ஞாயிறு

கண் விழித்து இரண்டு நாளாகிறது. வலி எதிர்பார்த்ததுதான். பாதம்தான் எதிர்பார்க்காதது. இடது பாதத்தைத் தூக்கு என்கிறேன், அது வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது. பெருவிரலில் ஊசியால் குத்தினார்கள். எங்கே குத்தினீர்கள் என்று கேட்டேன்.

இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருக்கின்றன. போர்வைக்கு மேலிருந்து பார்த்தாலே தெரிகிறது. ஏன்? ஏன் ஒரே கோட்டில்?

மே 28

இன்று மேஸ்திரியைப் பிடித்துவிட்டேன்.

"டாக்டர், காலை நீட்டிட்டீங்களா?"

அவர் முகத்தில் குழப்பம். "நீங்கதானேம்மா எழுதினீங்க? திருத்தம்னு போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்துல, இருக்கட்டும்னு."

"பழையபடி இருக்கட்டும்னு எழுதினேன். புள்ளி வச்சிருந்தேனே, பாக்கலையா?"

"புள்ளி... அது எதுக்குன்னு எங்களுக்குப் புரியலம்மா. இருக்கட்டும்னா அந்தத் திருத்தம் இருக்கட்டும்னு அர்த்தமா, வேண்டாம்னு அர்த்தமான்னு எங்களுக்கும் சந்தேகம் வந்துச்சு. அதனாலதான் போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன்."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட. நீட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கா, அவளுக்கும் அதான் ஆசைன்னு சொன்னாராம்."

சொல்லிவிட்டு அவரே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். உங்களிடமே கேட்டிருக்க வேண்டும், அறுவைக்கு முன்னால் தானாவது காலை நீட்டப்போவதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். நரம்பு இழுபட்டிருக்கிறது, ஒரு வருஷத்தில் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். நான் அவர் சட்டைப் பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழக்கூட வரவில்லை.

மே 29

வீட்டுக்காரரிடம் கேட்டேன். பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்? இருக்கட்டும்னு எழுதியிருந்த. இருக்கட்டும்னு சொன்னேன். எழுதறவ தெளிவா எழுதியிருக்கணும்."

எழுதறவ தெளிவா எழுதியிருக்கணும்! என்னிடம்!

அதில் நியாயம் இருக்கிறது, அதுதான் கொடுமை. வேறொருவர் படியில் அந்தச் சொல் வந்திருந்தால் சுழித்துக் கேள்விக்குறி போட்டிருப்பேன். இரு பொருள் தரும் சொல். வேண்டாம் என்று நாலு எழுத்தில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். டாக்டரும் அந்தப் பெண்ணும் அச்சகத்திலா வேலை பார்க்கிறார்கள், என் குறி அவர்களுக்குப் புரிய? பிழை என்னுடையதுதான்.

ஆனால் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதா? தெரியும்.

மே 30

சீப்போடு வந்தார். வாங்கி நானே சீவிக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

வீடு. பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டாவிட்டால் விரல் தரையில் உரசி மடங்குகிறது. அவர்தான் குனிந்து மாட்டிவிடுகிறார். என்னால் இன்னும் குனிய முடியாது. யார் மேல் கோபமோ அவர் கையால்தான் நடக்க வேண்டியிருக்கிறது. இதைவிட ஒரு தண்டனை யாருக்கும் வேண்டாம்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது முட்டி முன்பைவிட முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சீட்டு இன்னும் நாற்காலியின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று சொன்னார்.

நான் ஒன்றும் கத்தவில்லை. சீட்டைக் கிழித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதுல நான் எழுதினதுக்கு நீங்க என்ன அர்த்தம் எடுத்தீங்க? நாற்காலிய வெளிய போட்டீங்களா?" என்று கேட்டேன்.

வெகு நேரம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். தட்டில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா?"

"அந்தப் பொண்ணு கேட்டப்ப ஒரு நிமிஷம் யோசிச்சேன். நல்லதுதான பண்றோம்னு தோணிச்சு. இப்படி ஆகும்னு நான் நினைக்கல. சத்தியமா நினைக்கல."

"டாக்டர் உங்களையும் வச்சுக்கிட்டுத்தான் நரம்பைப் பத்திச் சொன்னார்."

"சில பேருக்குத்தான்னு சொன்னார்." அப்புறம் குரல் மாறியது. இத்தனை வருஷத்தில் நான் கேட்காத குரல். "உன் பக்கத்துல மெதுவா நடந்தே என் வாழ்க்கை போச்சு. கடைத்தெருவுல, கல்யாண வீட்டுல, எல்லாரும் முதல்ல உன் காலைப் பாப்பாங்க, அப்புறம் என் மூஞ்சியப் பாப்பாங்க. நான் பழகிட்டேன்னு நினைச்சியா? எனக்கு எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பாவம், அந்த நேரத்திலும் உண்மையைச் சொன்னார்.

"கண்ணுலயே படலன்னுதான் சொல்லியிருப்பேன்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். என்னுடையதையும் சேர்த்து.

ஜூலை 6, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். அப்பா அழுதாராம். "அவர் தப்புதாம்மா. ஆனா உனக்குக் கெடுதல் நினைச்சுப் பண்ணலையே. எவ்வளவு நாளைக்கு இதையே பிடிச்சுக்கிட்டு இருப்ப?"

கெடுதல் நினைத்திருந்தால் மன்னித்துவிடுவேன் என்று எப்படி இவளுக்குச் சொல்வது? கோபத்தில் செய்தார் என்றால் புரியும். என் காலை என்னைக் கேட்காமல் நல்லெண்ணத்தோடு திருத்தியிருக்கிறார். போனில். பால்கனியில் நின்றுகொண்டு. நான் பத்தடி தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேனடி!

இதையெல்லாம் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

ஜூலை 22

படம் எடுத்தார்கள். கிண்ணத்தின் சொரசொரப்புக்குள் எலும்பு வளர ஆரம்பித்துவிட்டதாம். மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "அழகா உட்கார்ந்திருக்கும்மா. இனி அசையாது."

தப்பான இடத்தில், அழகாக. மறுபடி எடுத்து மேலே வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, எடுத்தால் மிச்ச எலும்பும் அதோடு வந்துவிடும் என்றார். அச்சாகி, தைத்து, அட்டையும் போட்டாயிற்று. என் பிழையும் அவர் பொய்யும் சேர்ந்து எலும்புக்குள் வேர் விடுகின்றன.

ஆகஸ்ட் 14, வியாழன்

நடந்தால் வலது பக்கம் சாய்கிறேன். வாழ்க்கை முழுக்க இடது பக்கம் சாய்ந்தவள். முதுகு இரவும் பகலும் குத்துகிறது. பிசியோதெரபிப் பெண் என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி, பென்சிலால் முதுகெலும்பில் கோடு போட்டுப் பார்த்தாள்.

"கால் நேராயிடுச்சும்மா. முதுகு ஆகல. அது பழைய காலுக்குத் தகுந்த மாதிரியே வளைஞ்சு இறுகிடுச்சு. வலது செருப்புக்கு அடி உயர்த்திப் பாக்கலாமா?"

"எவ்வளவு?"

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். கடைசியில மூணு சென்டிமீட்டர் வரைக்கும் போகலாம்."

இடது கால் மறுபடி குட்டையாகிவிடும். சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இந்த மூன்று சென்டிமீட்டருக்காக ஒரு பாதத்தைக் கொடுத்துவிட்டு, இப்போது செருப்புத் தைப்பவரிடம் போய் அதைத் திரும்ப வாங்க வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

வேலைக்குப் போனேன். வலது செருப்பில் கறுப்பு ரப்பர் அடி. இடது பாதத்தில் பட்டை. கையில் ஊன்றுகோல் ஒன்று. முதலாளி எழுந்து வந்து, "அடடா, முன்னைக்கு இப்ப எவ்வளவு தேவலை!" என்றார். அவர் என்றைக்கு எதைப் பார்த்தார்?

மெஷின்காரர் நான் மேஜைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். "என்னக்கா, ஆபரேஷன் பண்ணியும் பழையபடிதான் நடக்கிறீங்க?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். இந்த ஆறு மாதத்தில் எவர் சொன்னதிலும் எனக்கு இனித்தது அது ஒன்றுதான்.

மாலையில் என் வீட்டுக்காரர் அச்சக வாசலில் வண்டியோடு நின்றார். ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் ஏதோ பேசினார். காய்கறி விலை, மகள், மழை. நான் ம் கொட்டினேன். வீட்டில் அவரைப் பழிவாங்கவும் தோன்றவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறேன், பசிக்கும் நேரத்தில் சாப்பாடு போடுகிறேன். அவருக்குச் சண்டை வேண்டும் என்று தெரிகிறது. சண்டை போட்டால் அப்புறம் சமாதானம் என்று ஒன்று உண்டு.

அக்டோபர் 3

பாதம் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பெருவிரல் இன்று ஒரு நெல் அளவு அசைந்தது. மேஸ்திரி இரண்டு தடவை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். அவர் இப்போதெல்லாம் என்னிடம் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்கிறார், என்னையும் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்.

வலது இடுப்பும் தேய்ந்துவிட்டது. இத்தனை வருஷ பாரத்தை அதுதானே சுமந்தது. அவசரம் இல்லை, ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் அதையும் பார்க்க வேண்டியிருக்கும், இப்போதே பெயரைப் பதிந்து வைக்கலாம் என்றார்.

வெளியே தேன்குரல். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. பாவம், அவள் என்ன செய்வாள்? பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர், மடியில் என் பையை வைத்துக்கொண்டு.

"போன் நம்பர் சொல்லுங்கம்மா."

என் நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"நீங்க எடுக்கலன்னா யாரைக் கூப்பிடறது?"

"நான் எடுக்கிற வரைக்கும் கூப்பிடுங்க."

"உங்களால பேச முடியாத நிலைமைன்னா? மயக்கத்துல, அந்த மாதிரி... வீட்டுல யாராவது ஒருத்தர் பேரு குடுக்கணும்மா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். சொல்லப்போவது தன் பெயர்தான் என்ற நிச்சயம் அவருக்கு இன்னும் இருந்தது.

"அப்படி யாரும் இல்லம்மா" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். 'யாரும் இல்லை' என்று எழுதினாள். எழுதியதைத் திருப்பி வைத்து எனக்குக் காட்டினாள். படித்துப் பார்த்தேன். வேறு எந்த விதமாகவும் அர்த்தம் எடுக்க முடியாது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வரும்போது கண்ணாடிக் கதவு கனமாக இருந்தது. ஊன்றுகோலோடு என்னால் தள்ள முடியவில்லை. அவர் முன்னால் ஓடிப்போய்த் திறந்து, நான் தாண்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

"நன்றிங்க" என்றேன்.

முன்பின் தெரியாதவரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு நான் நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை. கதவைப் பிடித்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றார், பின்னால் வந்தவர்களுக்கும் வழி விட்டுக்கொண்டு.